கடலில் போனவருக்கு எந்தத் திதி?

சந்தாபுரா சர்க்கிளில் இறங்கி ஆனேக்கல் சாலையில் திரும்பினால் ஒரு பேக்கரி, ஒரு பிளைவுட் கடை, ஒரு செல்போன் கடை, மறுபடியும் ஒரு பேக்கரி. அதை ஒட்டிய சந்தில் நாலு மாடிக் கட்டிடம். இரண்டாவது மாடியில் 82 வயது அம்மாள் ஒருவர் மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கும் ஓசூர் ரோட்டின் லாரி இரைச்சல் ஓயாத வீடு. கடல் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த அம்மாளின் அப்பா கடலில் போனவர். போர்க்காலத்தில் கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டை இழுத்து வந்த தமிழர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன் என்று எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கன்னடத்தில் கிரயப் பத்திரம், ஆங்கிலத்தில் பேங்க் நோட்டீஸ் என்று எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள். சென்ற மகாளய அமாவாசைக்குப் பத்து நாள் முன்னால் அந்த அம்மாளின் மகன் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். "அம்மா பெட்டியில இருந்தது சார். பாட்டி காலத்துப் பேப்பர். இதுல என்னதான் எழுதியிருக்குன்னு அம்மா கேக்கறாங்க."

எட்டாக மடிக்கப்பட்டு, மடிப்புகளில் வெளிச்சம் ஊடுருவுகிற ஒற்றைத் தாள். டைப் அடித்த ஆங்கிலம். 1944 ஏப்ரல் என்று தேதி. கப்பல் பணியாளர்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகம் அனுப்பியது. இன்ன பெயருள்ள கலாசி, எதிரியின் செயலால் கப்பல் இழக்கப்பட்டபோது 'மிஸ்ஸிங், ப்ரிஸ்யூம்டு ட்ரௌண்டு'. வருத்தம் தெரிவித்து ஒரு வரி. அவரை நம்பியிருந்தவர்கள் உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம், கிராம அதிகாரியின் சான்றிதழ் தேவை என்று கடைசியில் இரண்டு வரி. அவ்வளவுதான். கப்பலின் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில்தான் நடு மடிப்பு ஓடுகிறது. எழுத்து உதிர்ந்துவிட்டது.

'காணவில்லை, மூழ்கி இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று நான் எழுதிக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் அரை நிமிட வேலை. மறுநாள் அந்த அம்மாளே கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க எழுதினதுல ரெண்டு இருக்கு தம்பி. எங்களுக்கு ஒண்ணுதான் சொன்னாங்க."

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். கடிதம் வந்தபோது இந்த அம்மாள் கைக்குழந்தை. தெருவில் ஆங்கிலம் படித்தவர் யாருமில்லை. போஸ்ட்மாஸ்டர்தான் வாசித்துச் சொன்னார். 'ஆளைக் காணோம்னு எழுதியிருக்கு' என்றாராம். அதோடு நிறுத்திக்கொண்டார். காணோம் என்றால் தேடுவார்கள், தேடினால் கிடைப்பார். அம்மாவுக்கு அப்போது 20 வயது இருக்கலாம். மாதாமாதம் கணவர் சம்பளத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனது. உதவித்தொகைக்கு யாரும் மனுப் போடவில்லை. அப்பளம் இட்டும், நெல் அவித்தும் அந்தப் பெண்மணி மகளை வளர்த்தார். 1987-இல் இறக்கும்வரை பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் விசேஷங்களுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். கடைசியில் மஞ்சள் பூசித்தான் எடுத்துப் போனார்கள்.

"அந்த போஸ்ட்மாஸ்டர் மீதியைச் சொல்லலையா, இல்ல எங்கம்மாதான் கேட்டுக்கலையா? எனக்கு அதுதான் புரியல."

இருபது வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'ப்ரிஸ்யூம்டு' என்ற சொல்லை மொழிபெயர்க்க வேண்டிய நிலையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அந்தப் போஸ்ட்மாஸ்டர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவர் விழுங்கிய பாதி வாக்கியத்தின் விலை ஒரு குடும்பத்தின் உதவித்தொகை என்பதையும் மறக்க முடியவில்லை. மனுவில் 'விதவை' என்று கைநாட்டு வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பெண்மணி அதற்காகவே கேட்காமல் இருந்திருக்கவும் கூடும்.

இரண்டாம் உலகப் போர் 1939-இல் தொடங்கியபோது பிரிட்டனின் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். எண்ணிக்கையில் சுமார் 50,000. ஆங்கிலத்தில் இவர்களுக்கு லஸ்கர் என்று பெயர். படை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் திரிபு. காவிரி டெல்டாவில் லஸ்கர் என்றால் பொதுப்பணித் துறையில் மதகு திறக்கும் ஊழியர். கப்பலோடு யாரும் சம்பந்தப்படுத்த மாட்டார்கள். கப்பலில் அவர்களுக்குள்ளேயே படிநிலை உண்டு. மேலே சாரங்கு, அடுத்து தண்டல், சுக்கான் பிடிக்கிற சுக்கானி, சமைக்கிற பண்டாரி, எல்லோருக்கும் கீழே கலாசிகள். சாரங்கு தன் ஊர், தன் உறவு என்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவார். சில்ஹட், நவகாளி, சிட்டகாங், ரத்னகிரி, கோவா, மினிக்காய் என்று சில இடங்களிலிருந்துதான் பெரும்பாலோர் போனார்கள். வேலைக்கு எடுத்த பெரிய துறைமுகங்கள் கல்கத்தாவும் பம்பாயும். தமிழ்க் கரையிலிருந்து போனவர்கள் கொஞ்சம். கொஞ்சமாக இருந்ததால் தடமும் கொஞ்சம்.

சம்பளம்? அதே கப்பலில் வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் கால் பங்கு, சில சமயம் அதற்கும் கீழே. தங்கும் இடமும் சாப்பாடும் அந்தக் கணக்கில்தான். போர் வந்ததும் 1939-லேயே லண்டன் முதலிய துறைமுகங்களில் இந்தியக் கடலோடிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது. இதை நம் சுதந்திரப் போராட்ட வரலாறுகள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. தூத்துக்குடியில் 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யைப் படிக்கும் நாம், கப்பலுக்குள் கரி அள்ளியவர்களைப் பற்றிப் படித்ததில்லை.

டார்பிடோவுக்குச் சம்பள வித்தியாசம் தெரியாது. 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்று காசியின் பெயர் தாங்கிய கப்பல், போருக்குப் பயந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 ஆங்கிலேயக் குழந்தைகளோடு 1940 செப்டம்பர் 17 இரவு அட்லாண்டிக்கில் மூழ்கடிக்கப்பட்டது. 77 குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் குழந்தைகளைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன, வரவும் வேண்டும். அதே கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட லஸ்கர்கள் இறந்தார்கள். பருத்தி உடையோடு அட்லாண்டிக் குளிரில் படகில் உட்கார்ந்தபடியே உயிர் விட்டவர்கள் அவர்களில் உண்டு. எட்டாம் நாள் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு படகில் ஆறு சிறுவர்கள் உயிரோடு இருந்தார்கள். அந்தப் படகில் பெரும்பான்மையோர் லஸ்கர்கள் என்பது கதையில் பின்னணியாகிவிட்டது.

"அப்பா போன கப்பல் ரஜூலாதான்" என்று அம்மாள் உறுதியாகச் சொன்னார். இதைக் கேட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. ரஜூலா மூழ்கவில்லை.

தஞ்சை, நாகை மாவட்டங்களில் பழைய ஆட்களிடம் எந்தக் கப்பலைக் கேட்டாலும் ரஜூலா என்பார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். 1926-இல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வரும். ஐயாயிரம் பேர் வரை மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்வார்கள். நாகையில் கப்பல் கரைக்கு வராது; தள்ளி நங்கூரம் பாய்ச்சும், படகில் போய் ஏற வேண்டும். மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போன தமிழரின் பெட்டியும் பாத்திரமும் அதில்தான் போயின, வந்தன. போரில் படையினரை ஏற்றிப் போய்ப் பிழைத்து வந்து, 1973 வரை அந்தத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் பெயர் நாவில் ஒட்டிக்கொண்டது. கப்பல் என்றால் ரஜூலா, காந்தி என்றால் மகாத்மா என்பதுபோல.

ஆனால் ரஜூலாவுக்கு ஜோடி ஒன்று இருந்தது. பெயர் ரோனா. அதே கம்பெனி, அதே 1926, அதே சென்னை-நாகை-சிங்கப்பூர் தடம். நம் ஊர்க் கிழவர்கள் இந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் மறக்கவில்லை. 1943 நவம்பர் 26 அன்று சுமார் 2,000 அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு, அவர்களை இந்தியாவுக்கு அனுப்புவதற்காக, மத்தியதரைக் கடலில் சூயஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது ரோனா. அல்ஜீரியக் கரைக்கு அப்பால் சாயங்காலம் ஜெர்மன் விமானம் ஒன்று, வானொலியால் இயக்கப்படும் பறக்கும் குண்டை ஏவியது. அன்றைக்கு அது புது ஆயுதம். பக்கவாட்டில் துளைத்தது. உயிர்காப்புப் படகுகளில் பெரும்பாலானவற்றை இறக்கவே முடியவில்லை. அலை அதிகம். அமாவாசைக்கு முந்தின இரவு, நிலவும் கிடையாது. இருட்டில் ஓர் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கடலிலிருந்து அள்ளி எடுத்தது. இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். அவர்களில் 1,015 பேர் அமெரிக்கப் படையினர். எதிரித் தாக்குதலில் ஒரே கப்பலோடு இவ்வளவு அமெரிக்கப் படையினர் கடலில் இறந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்கிறார்கள். எந்த ஆயுதத்தால் என்பதை அந்த நாட்டு அரசு பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. அமெரிக்கத் தாய்மார்களும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1996-இல் அலபாமா மாநிலத்தில் அவர்களுக்கு நினைவுக்கல் எழுந்தது.

ரோனாவின் பணியாளர்கள் சுமார் 195 பேர், பெரும்பாலும் இந்தியர்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள். பிழைத்த அமெரிக்கர்களின் நினைவுகளில் இந்தியப் பணியாளர்கள் வருகிறார்கள். படகை விட்டுவிட்டு முதலில் தப்பப் பார்த்தார்கள் என்று குறை சொல்லும் இடங்களில் வருகிறார்கள். சிலர் அப்படிச் செய்திருக்கலாம். இறந்துபோன நூறு பேரின் பக்கத்திலிருந்து பேச ஆளில்லை.

அம்மாளின் அப்பா ரோனாவில் இருந்தாரா? 1944 ஏப்ரலில் கடிதம் வந்தது என்றால் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று, மாலத்தீவுக்கு அருகே, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெதிவ் இஸ்மாயில்' ஜப்பானிய நீர்மூழ்கியால் இரண்டே நிமிடத்தில் மூழ்கியது. 1,297 பேர் இறந்தார்கள். அதிலும் லஸ்கர்கள் இருந்தார்கள். 1942 நவம்பர் 23 அன்று பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன 'திலாவா'வில் 280 பேர் போனார்கள். அது அவருக்கு முந்தியது. அந்தக் கப்பல் இல்லை. சிந்தியா கம்பெனியின் ஜலதரங், ஜலபாலகா இரண்டும் 1942 ஜனவரியில் வங்கக் கடலிலேயே போயின. அவையும் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். கழிக்க முடியாமல் நின்றவை சில. அவற்றிலிருந்து ஒன்றை எடுத்து 'இதுதான்' என்று அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

இவர்களுக்கு நினைவிடமே இல்லையா? இருக்கிறது. லண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில் இரண்டு உலகப் போர்களிலும் கடலில் போன சுமார் 36,000 வணிகக் கடலோடிகளின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள், கப்பல் வாரியாக. சிட்டி ஆஃப் பெனாரஸ் அங்கே உண்டு, அதன் பிரிட்டிஷ் பணியாளர்களின் பெயர்களோடு. அதே கப்பலின் லஸ்கர்கள் அங்கே இல்லை. அவர்களுக்குக் கல் இல்லை, புத்தகம். இரண்டாம் போரில் இறந்த 6,000-க்கும் மேற்பட்ட இந்தியக் கடலோடிகளின் பெயர்கள் ஒரு நினைவுப் புத்தகத்தில் எழுதப்பட்டன. இரண்டு பிரதிகள். ஒன்று மும்பை மஸ்ஜித் பந்தரில் உள்ள மாலுமிகள் இல்லத்துக்கு, மற்றது வங்கதேசத்தில் சிட்டகாங் போர்க் கல்லறைக்கு. முதல் உலகப் போரில் இறந்த வங்காளம், அசாம் பக்கத்து லஸ்கர்கள் 896 பேருக்குக் கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையோரம் 1924-இல் ஒரு கோபுரம் எழுந்தது. அதில் எண்ணிக்கைதான் பிரதானம்.

சென்னையில் என்ன இருக்கிறது? எம்டன். 1914 செப்டம்பர் 22 அன்று அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனதற்கு உயர் நீதிமன்றச் சுவரில் பலகை இருக்கிறது. மொழியில் ஒரு சொல்லும் சேர்ந்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். குண்டு போட்டவன் நினைவில் நின்றான். அன்று துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலிலும் உயிர்ச்சேதம் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பெங்களூரில் படைவீரர்களுக்குக் குறைவில்லை. பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கும் இடத்தில் பயனியர் படையினரின் தூண் நிற்கிறது. அல்சூர்ப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை. அந்தப் படைவீரரைத் 'தம்பி' என்றே அழைக்கும் மரபு. கலாசி படைவீரன் இல்லை. சீருடை கிடையாது, பதக்க ஊர்வலம் கிடையாது. கூலிக்குப் போனவன். கூலிக்குப் போனவன் போரில் செத்தால் அது தியாகமா, விபத்தா என்பதில் அரசாங்கங்களுக்குக் குழப்பம் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. பிரிட்டனிலேயே 1941 மே வரை, கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளம் நின்றுவிடும்.

போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்தின் பதிவேட்டை இப்போது யாரும் தேடிப் பார்க்கலாம். முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரைத் தாங்கள் சமமாக நினைவுகூரவில்லை என்று அந்த ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆகவே மரியாதையோடுதான் தேடினேன். சிக்கல் வேறு இடத்தில். கோவிந்தசாமி என்ற பெயரை ஒரு துறைமுக குமாஸ்தா கோவிண்டாசாமி என்று எழுதுவார், இன்னொருவர் கோவின்டு என்பதோடு முடிப்பார், மூன்றாமவர் கோவிந்தனையும் சாமியையும் இரண்டு ஆளாக்குவார். அப்பா பெயர் முன்னால் போகும், சில இடங்களில் பின்னால். அம்மாளின் அப்பாவுக்கோ நாகைப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். (பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.) அந்தப் பெயருக்கு அருகே வரக்கூடியவை ஏழெட்டுக் கிடைத்தன. ஊர் பொருந்தியது எதுவுமில்லை.

பட்டியலைத் தமிழில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "எல்லாரும் யாரோ வீட்டு அப்பாதான்" என்றார். பிறகு அவர் கேட்டதுதான் எனக்குப் பதில் தெரியாத கேள்வி. "திதி எது தம்பி?"

காணாமல் போனவர்களுக்கு நம் சமூகத்தில் கணக்கு உண்டு. பழைய சாஸ்திர மரபு 12 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. அதன் பிறகு தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யலாம். வெள்ளைக்காரன் கொண்டுவந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் ஏழாண்டு போதும் என்றது. 1939-இல் வந்த முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், கணவன் இருக்குமிடம் நான்காண்டு தெரியாவிட்டால் மனைவி விடுதலை கேட்கலாம் என்றது. இறந்த நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம், மகாளய அமாவாசை உத்தமம் என்று புரோகிதர்கள் சொல்வார்கள். எல்லாக் கணக்கும் இருந்தும் அந்த வீட்டில் எண்பது வருடமாக அவருக்கு ஓர் இலை போட்டதில்லை. "இலை போட்டா செத்துட்டார்னு ஆயிடுமே. அம்மா இருந்தவரைக்கும் விடல. அம்மா போன பிறகு அம்மாவுக்கு மட்டும் போட்டேன். அவருக்குப் போட நான் யாரு?"

நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் பெட்டியிலிருந்து எடுத்தார். 'கருதப்படுகிறது' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இது செத்துட்டார்ங்கிறதா, இல்லையா?"

சர்க்கார் அப்படி முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம் அம்மா, என்றேன். பார்த்த சாட்சி இல்லாததால் அப்படி எழுதுவார்கள்.

"அப்போ அந்தக் காலத்துலயே முடிவு பண்ணிட்டாங்க."

"ஆமாம்மா."

வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

மகாளய அமாவாசையன்று காலையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சந்தாபுரா மார்க்கெட்டில் அன்றைக்கு வாழை இலை விலை ஏறிக் கிடந்தது. அம்மாளின் மகன் ஒரு கட்டு வாங்கி வந்திருந்தார். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய் சாம்பார், வடை, பாயசம். கூடத்தில் பாட்டியின் படம் சுவரில் இருந்தது, நெற்றியில் பொட்டோடு. தாத்தாவின் படம் என்று எதுவும் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பினாங்கிலிருந்து அவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பச்சை எனாமல் டிபன் கேரியர் ஒன்றுதான் மிச்சம்; ஓரமெல்லாம் எனாமல் பெயர்ந்தது.

அம்மாள் இரண்டு இலை நறுக்கினார். ஒன்றைப் பாட்டி படத்துக்குக் கீழே போட்டார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு மகன் நின்றார். "இத எங்கம்மா போடறது?"

"அந்தக் கேரியரை எடுத்து இங்க வை. அதுக்கு முன்னால போடு" என்றார் அம்மாள்.